கடல்நீர்க் குழாயின் கேட் வால்வு: தண்டருகே கசிவு

சீனன்குடாவான்:
வணக்கம். திருகோணமலையில் கடலோரமாக அமைந்துள்ள எங்கள் தொழிற்சாலையின் தீயணைப்புக் கடல்நீர்க் குழாயிலுள்ள 6 அங்குலக் கேட் வால்வு (கதவு போன்ற தகட்டை ஏற்றி இறக்கி நீரைத் திறந்து மூடுவது), கைச்சக்கரத்தைக் கதவுடன் இணைக்கும் தண்டைச் சுற்றிக் கசிகின்றது. தண்டைச் சுற்றியுள்ள பக்கிங்கை (கசிவைத் தடுக்கும் பின்னல் வளையங்கள்) அழுத்தும் கிளாண்ட் நட்டுகளை இறுக்கியும் கசிவு நிற்கவில்லை; கைச்சக்கரம்தான் இறுகிவிட்டது. பக்கிங்கை மட்டும் மாற்றினால் போதுமா?

கொட்டியாரம்:
பழைய வளையங்களின் மேல் புதியதொன்றைத் திணிக்காமல், அனைத்தையும் கொக்கியால் அடிவரை எடுத்துவிட்டுத் தண்டைப் பாருங்கள். அதில் கீறலோ கறள் குழியோ இருந்தால் எந்தப் பக்கிங்கும் நிலைக்காது. வளையங்கள் அமரும் குழியான பக்கிங் பெட்டியின் உள்விட்டத்திலிருந்து தண்டின் விட்டத்தைக் கழித்து, இரண்டால் வகுத்தால் கிடைப்பதே பக்கிங்கின் தடிப்பு. வளையங்களை 45 பாகைச் சரிவில் வெட்டி, ஒவ்வொன்றாக அமர்த்தி, வெட்டுவாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராதவாறு 90 பாகை திருப்பி வையுங்கள். நட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, இடையிடையே வால்வைத் திறந்து மூடிப் பார்ப்பது அவசியம்.

உப்பாறு:
கடல்நீரில் கிராஃபைட் பக்கிங் உலோகத் தண்டின் அரிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், டெஃப்லான் பின்னலையே நான் தெரிவுசெய்வேன். வால்வை முழுதாகத் திறந்துவிட்டால் தண்டின் தோள் மேல்மூடியில் அமர்ந்து நீரை அடைக்கும், அதனால் அழுத்தம் இருக்கும்போதே பக்கிங்கை மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். தேய்ந்த வால்வில் அந்தத் துணிச்சல் கூடாது. மாற்றுத் தீயணைப்பு ஏற்பாட்டைச் செய்து, குழாயின் அப்பகுதியைத் தனிமைப்படுத்தி, அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே தொடுங்கள். மிகப் பழைய பக்கிங்கில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்; இதன் தூசு நுரையீரலுக்குக் கேடு) இருக்கக்கூடும். அவ்வாறாயின் உலர்ந்த நிலையில் சுரண்ட வேண்டாம்.

சீனன்குடாவான்:
நன்றி ஐயா. மூடிய பின்னும் சிறிது நீர் கடந்து செல்வதும் இதனாலா?

கொட்டியாரம்:
இல்லை. அது கதவும், மூடும்போது அது அமரும் இருக்கையும் பொருந்தும் முகங்களின் பழுது. மேல்மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.