பொருள்: 'ரத்தக் குறைவு' வேண்டாம், வேறு சொல் வேண்டும் (திங்களன்று அச்சு)

காட்பாடியிலிருந்து:
அன்பர்களே, சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்புத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். இஸ்கீமியாவுக்கு 'ரத்தக் குறைவு' என்று போட்டிருந்தேன். படித்துக் காட்டியதும் ஒரு பாட்டி, "அப்போ பேரீச்சம்பழம் துன்னா சரியாப்பூடுமா?" என்றார். அவர் சொல்வது சோகை. நான் சொல்ல வந்ததோ, உடம்பில் ரத்தம் இருந்தும் கால்விரலுக்கு வந்து சேராத நிலை. உதவுங்கள்.

ஆரணியிலிருந்து:
'நுண்ணாளக் குருதிக்குறை'. மிக நுண்ணிய ரத்தக்குழாயைத் தந்துகி என்பார்கள், அது வடசொல், தந்து என்றால் நூல். நாளம் என்றால் குழாய்; நுண் + நாளம் = நுண்ணாளம், புணர்ச்சியும் சுத்தம். இன்னொன்று: கால் என்றால் பாதம் மட்டுமா? வாய்க்காலிலும் கால்தான், சங்கப் பாட்டில் காற்றும் கால்தான். ஓடுவதெல்லாம் கால். காலில் ஓட்டம் குறைவது சொல்லுக்கே முரண்! இதை விரித்துத் தனி மடலில் எழுதுகிறேன்.

ராணிப்பேட்டையிலிருந்து:
ஐயா, நாளமும் வடமொழி என்பாருண்டு, அதை விடுவோம். 'நுண்ணாளம்' என்றால் என் நோயாளிகள் எந்த ஆள் என்பார்கள். தந்துகி பள்ளிப் பாடத்தில் இருப்பது, இருக்கட்டும்.
சொல்லைவிட நிலையைப் பாருங்கள். தந்துகியின் உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). சிவப்பணு 7, 8 மைக்ரான். பல இடங்களில் உடலை வளைத்து ஒற்றை வரிசையில்தான் நுழையும். சர்க்கரை நோயில் தந்துகிச் சுவரின் அடிச்சவ்வு, அதாவது சுவரைத் தாங்கும் மெல்லிய படலம், தடித்துவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே தமனிகளும் அடைபடலாம். ஆகவே வெறும் 'அடைப்பு' என்று போட்டால் பாதி உண்மைதான்: ரத்தம் ஓடினாலும் அதிலுள்ள சத்து திசுவுக்குள் சரியாக ஊறாமல் போகலாம். பாலாற்றில் மேலே ஓட்டமில்லை, மணலைத் தோண்டினால் ஊறும். இது அதற்குத் தலைகீழ். புண் ஆறாதது இதனாலும்தான். 'ஊறல் குறை' எப்படி?

குடியாத்தத்திலிருந்து:
டாக்டர் ஐயா, நம்ம பக்கம் ஊறல் என்றால் அரிப்பு. இல்லையென்றால் மலையில் போலீஸ் கொட்டி அழிக்கிற சாராய ஊறல். 'காலில் ஊறல் குறை' என்று அச்சடித்தால் நல்ல சேதி என்று சந்தோஷப்படுவார்கள்.
எங்கள் ஏரிப்பாசனத்தில் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயலைக் கடைமடை என்போம். மதகருகே நெல் தழைத்து நிற்கும், கடைமடை காயும். உடம்புக்குக் கடைமடை பாதம். 'கடைமடை வறட்சி' என்று போடுங்கள்.

ஆரணியிலிருந்து:
உவமையைக் கலைச்சொல் ஆக்கலாகாது. நகரத்துப் பிள்ளைகளுக்கு மடை தெரியுமா?

குடியாத்தத்திலிருந்து:
நுண்ணாளம் தெரியுமோ?

காட்பாடியிலிருந்து:
ஞாயிறு இரவு பதினொன்று. 'பாதத்துக்கு ரத்தம் எட்டாமை' என்று போட்டு, கடைமடை உவமையை அடுத்த வரியில் சேர்த்துவிட்டேன். மூவர் சரி என்கிறார்கள், பாட்டிக்கும் புரிந்தது.

ஆரணியிலிருந்து:
எட்டாமை = எட்டு + ஆமை என்றும் பிரியும். 'ரத்தம்' என்று மொட்டையாக எழுதியதற்கும் சேர்த்து என் மறுப்பைப் பதிவு செய்க. கால் பற்றிய மடல் நாளை வரும்.