மறு: நீனாவுக்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம்.

> நீனா என்றே வைத்துக்கொண்டால் என்ன? பேருந்தைப் பஸ் என்று சொல்வதில்லையா?

இதே கேள்வி போன வருடமும் நம் குறுக்கெழுத்துக் குழுவில் வந்து, பதில் இல்லாமலே கிடப்பில் போனது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீனா ஒரு பெண் குழந்தையின் பெயர். அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஆல் ஹிர்ஷ்ஃபெல்டுக்கு 1945இல் மகள் பிறந்தாள். அதிலிருந்து, நாடக நடிகர்களை வரைந்த கோட்டோவியங்களில் சட்டை மடிப்பிலும் முடிச் சுருளிலும் மகளின் பெயரை ஒளித்துவைக்க ஆரம்பித்தார். பல இடங்களில் ஒளித்திருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை என்று ஓர் எண் போடுவார். ஆங்கிலக் குறுக்கெழுத்துக்காரர்கள் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கட்டம் முழுக்க நிரம்பிய பிறகு, எந்தக் குறிப்பும் கேட்காத ஒரு சொல்லோ வாக்கியமோ உள்ளே கிடந்தால் அது நீனா. பஸ் நம் தெருவில் ஓடுகிறது, கதை சொல்லாமலே புரியும். நீனா என்றால் ஒவ்வொரு முறையும் ஹிர்ஷ்ஃபெல்டையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னால் என்ன மாதிரிச் சொல் வேண்டும் என்பது விளங்கும். ஐந்து பேர், ஐந்து ஊர், ஒரே போன் அழைப்பு. எங்களில் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 11க்கு 11 கட்டம் ஒன்று போட்டு அனுப்பியிருந்தார். தலைப்பு: 'உடைத்தால்தான் பலன்'. நான்கு குறிப்புகளுக்கு மட்டும் பக்கத்தில் நட்சத்திரம். அதில் ஒன்று, 'போலிக் கரம் நனையும் குளம் (3)', அதாவது மூன்றெழுத்து விடை. பொய்யும் கையும் சேர்ந்தால் பொய்கை. இன்னொன்று, 'தங்கை தலையை மாற்றினால் பெண் (3)'. மங்கை. மற்ற இரண்டும் சுதேசி, முகாம். ஒன்றரை மணி நேரத்தில் கட்டம் நிரம்பிவிட்டது. போனை வைக்கப் போனோம். 'இன்னும் முடியலையே' என்றார் அவர். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகாத வழியெல்லாம் போய்ப் பார்த்தோம். கட்டத்தில் வரும் வரிசைப்படி முதலெழுத்துகளைச் சேர்த்தால் சுமமுபொ. கடைசி எழுத்துகளைச் சேர்த்தால் சிகைம்கை. மென்பொருள் தம்பி பன்னிரண்டு எழுத்தையும் கலைத்துப்போட்டுப் பார்க்க ஒரு நிரலே எழுதி, இரவு இரண்டு மணிக்கு ஆயிரக்கணக்கான வரிகளை அனுப்பினார். அதில் ஒன்றும் தமிழாக இல்லை. பொய்கையைப் பொய், கை என்று உடைக்கலாம், சரி, முகாமை எப்படி உடைப்பது? மூன்றாம் நாள் இரவு மதுரை அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் குரல் வந்தது: 'ரெண்டாவது எழுத்த மட்டும் படிங்கப்பா.' சுதேசியில் தே. மங்கையில் ங். முகாமில் கா. பொய்கையில் ய். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அக்காவே, 'தேங்காய ஒடச்சாச்சு, சட்னிய யாராவது அரைங்க' என்று போனை வைத்துவிட்டார். அந்தத் தேங்காய்க்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> முதலெழுத்துச் செய்தி என்று வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கும்.

மெய்யெழுத்து இருக்கும்வரை அது நடக்காது. ஆங்கிலத்தில் குறிப்புகளின் முதலெழுத்தைக் கோத்து எந்த வாக்கியத்தையும் எழுதிவிடலாம். நமக்கு மொழிமுதல் எழுத்து என்று ஒரு வாசற்படி இருக்கிறது. 'கவிதை' என்பதை முதலெழுத்துகளில் வைக்கலாம், க, வி, தை மூன்றிலும் சொல் தொடங்கும். 'கவிஞர்' என்றால் கடைசி ர் வெளியே நின்றுவிடும். க்ரீம், ப்ளேட் என்று எழுதுபவர்களிடம் க், ப் கடன் வாங்கலாம். ங் யாரிடம் வாங்குவது? கடைசி எழுத்தில் வைப்போம் என்றால் 'மீட்டிங்' மாதிரி எதையாவது கொண்டுவந்து ஒட்ட வேண்டும். ஆகவே தமிழில் இப்படிச் செய்தி வைக்க இயல்பான இடம் சொல்லின் நடுதான். அங்கேயும் ஒரு குறை உண்டு. அளபெடையை விட்டால் நடுவில் உயிரெழுத்து வராது; 'அம்மா' என்று வைக்க அந்த வங்கிக்காரருக்கும் முடியாது. எப்படியானாலும், ஓர் இடத்தின் பெயரைச் சொல்லில் பூட்டிவிட்டால் மற்ற இடங்களில் வைத்தவற்றுக்கு வேறு பெயர் தேட வேண்டிவரும்.

> மறைசெய்தி?

நிச்சயமாக நல்ல சொல்தான், ஆனால் அது வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. கணினித் தமிழில் மறைகுறியாக்கம் (என்கிரிப்ஷன்) என்று புழங்குகிறதே, அந்தக் குடும்பம். பூட்டிய பெட்டி கண்ணுக்குத் தெரியும், சாவிதான் இருக்காது. நாம் தேடுவதில் பெட்டி இருப்பதே தெரியக் கூடாது. மேலைநாட்டார் இரண்டையும் அப்போதே பிரித்துவிட்டார்கள். ஜெர்மானியத் துறவி டிரிதெமியஸ் எழுதி, அவர் இறந்து பல காலம் கழித்து 1606இல் அச்சான நூலிலிருந்துதான், செய்தி இருப்பதே தெரியாமல் மறைக்கும் கலைக்கு ஸ்டெகனோகிராபி என்ற பெயரே பரவியது. மேலோட்டமாகப் பார்த்தால் அது ஆவிகளை ஏவும் மந்திரப் புத்தகம். உள்ளே இருந்தது எழுத்து மறைப்பு வித்தை. நம் கட்டத்துக்கும் மேலே ஒரு முகம், உள்ளே ஒரு முகம்.

> உள்ளுறை என்ற பழஞ்சொல் கையில் இருக்கப் புதிது எதற்கு?

ரசனையான சொல் என்பதில் சந்தேகமில்லை, ஐயா. மூன்று நாள் நானும் அதன் பக்கம்தான் இருந்தேன். ஆனால் தொல்காப்பியர் சொல்லும் உள்ளுறை உவமத்தில் ஒளிந்திருப்பது பொருள். எருமை தாமரையை மேய்ந்தது என்று பாட்டு சொன்னால், தலைவனின் நடத்தையை நாம் புரிந்துகொள்கிறோம். எழுத்தைக் கூட்டிப் பார்த்து யாரும் அதைக் கண்டுபிடிப்பதில்லை. நமக்கு வேண்டியது எழுத்தில் ஒளிந்திருப்பது. பொய்கை என்ற சொல்லின் பொருளுக்கும் தேங்காய்க்கும் எந்த உறவும் கிடையாது. தவிர, புத்தகத்தின் முதல் பக்கத்தில் உள்ளுறை என்று போட்டு அத்தியாயப் பட்டியல் கொடுக்கிறார்களே, அந்த ஆக்கிரமிப்பை யார் அகற்றுவது?

நாட்டுச் சரக்கு நம்மிடமே கிடக்கிறது. சோழர் காலத்துத் தண்டியலங்காரம் சொல்லணியியலில், எழுத்துகளை வைத்து விளையாடும் சித்திரகவி வகைகளை அடுக்குகிறது. மாலைமாற்று, நாகபந்தம், சுழிகுளம் என்று போகும் அந்த வரிசையில் காதை கரப்பு என்று ஒன்று, கரந்துறைச் செய்யுள் என்று ஒன்று. எடுக்கும் முறை வேறு வேறு, ஆனால் இரண்டிலும் ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் பதுங்கியிருக்கும். இதைவிட நெருக்கமாக ஒன்று கிடைக்குமா? அதே வரிசையில் எழுத்து வருத்தனமும் இருக்கிறது. கை, வகை, உவகை என்று ஓரோர் எழுத்தாக வளர்ப்பது. திருப்பிக் குறைத்துக்கொண்டே வந்தால் அக்கரச் சுதகம். குறுக்கெழுத்துக்காரர்கள் இன்று செய்யும் வேலையில் பாதிக்கு அங்கே பெயர் வைத்தாகிவிட்டது, நாம்தான் ஆங்கிலத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கிறோம். என் முன்மொழிவு: கரந்துறை, அதாவது ஒளிந்து தங்குவது.

> கரப்பு என்றதும் கரப்பான்பூச்சிதான் ஞாபகம் வருகிறது. யாருக்கும் புரியாது.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது, எனக்கும் முதலில் அதுதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் காதை கரப்பை விட்டுவிட்டுக் கரந்துறையைப் பிடித்தேன். யாருக்கும் புரியாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஔவையாரின் மூதுரையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு 'நாகம் கரந்துறையும்' என்பது காதில் விழுந்திருக்கும். அங்கே ஒளிவது நஞ்சுள்ள பாம்பு, பயமில்லாமல் வெளியே கிடப்பது தண்ணீர்ப்பாம்பு. அப்படியானால் கரந்துறை என்பது கெட்ட எண்ணத்தைக் குறிக்காதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். மூன்று ராத்திரி தூங்கவிடாதவர் வைத்த பொருளுக்கு அந்த வாடை கொஞ்சம் இருந்தால் தப்பில்லை.

> 1944இல் நார்மண்டி ரகசியம் லண்டன் பத்திரிகையின் குறுக்கெழுத்தில் வந்ததே, அதையும் கரந்துறை எனலாமா?

அதற்கு இந்தப் பெயர் பொருந்தாது, தம்பி. டெய்லி டெலிகிராஃப் கட்டங்களில் அந்த மே மாதமும் ஜூன் முதல் தேதியும் நேச நாடுகளின் நார்மண்டிப் படையெடுப்புக்கான ரகசியப் பெயர்களான யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன் எல்லாம் வந்தன. கட்டம் போட்ட லியனர்ட் டோ என்ற தலைமையாசிரியரை உளவுத்துறை வந்து விசாரித்தது. எல்லாம் உண்மை. ஆனால் அவை குறிப்பு கேட்ட நேரடி விடைகள், மறுநாள் பேப்பரில் பச்சையாக அச்சானவை. குறிப்பு கேட்காமல் உட்கார்ந்திருப்பதுதான் கரந்துறை.

> பல புதிர்களின் விடைகளைச் சேர்த்து ஒரு பெரிய விடை எடுப்பதும் இதில் வருமா?

நியாயமான கேள்வி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1981 முதல் ஜனவரிதோறும் நடக்கும் மர்ம வேட்டையில் இதுதான் உயிர்நாடி. கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து புதிர்களை அவிழ்த்து, விடைகளிலிருந்து அடுத்த விடையைப் பிழிந்து, கடைசியில் ஒளித்துவைத்த நாணயத்தை எடுப்பார்கள். ஜெயித்த குழு அடுத்த வருடப் புதிர்களை எழுத வேண்டும் (இது பரிசா தண்டனையா என்று எனக்கு விளங்கியதில்லை). ஆனால் மேலே ஒரு விடை காத்திருக்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அதை மேற்புதிர் என்று தனியாக வைப்போம். எங்கள் வங்கிக்காரர் நட்சத்திரம் போட்டதால் அவருடையது பாதி மேற்புதிர் ஆகிவிட்டது என்று அக்கா வாதாடுகிறார். பதில் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

சேர்த்து எழுதும்போது ஒற்று மிகுமா என்று கேட்டவருக்கு: உறை என்பதை வினையாகக் கொண்டால் வினைத்தொகை, மிகாது. ஆனால் கரந்துறைச் செய்யுள் என்று ஒற்றோடு எழுதியே பழகிவிட்டது. ஆகவே கரந்துறைச் சொல், கரந்துறைப் புதிர். கட்டம் போடுபவர் கரந்துவைக்கிறார், நாம் கண்டெடுக்கிறோம். கடித உறையோடு குழம்பும் என்ற பயம் எனக்கில்லை. இப்போது கடிதம் போடுபவர் யார்? அடுத்த சனிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அதுவரை கைக்கு வேலையாக, இந்த மடலிலும் ஒன்று கரந்துறைகிறது. வணக்கத்தையும் மேற்கோள் வரிகளையும் தள்ளிவிட்டு, ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லிலும் அக்கா சொன்ன இடத்தைப் பாருங்கள்.