கிரேக்கத்துல நங்கூரம் இழுபட்ட ராத்திரி: உங்களுக்கும் நடந்திருக்கா?

அரைகுறை_மாலுமி
போன ஆகஸ்ட். ஏதென்ஸ் பக்கத்துல லாவ்ரியோ துறைமுகத்துல 38 அடி வாடகைப் படகு, நாங்க ஏழு பேர். ரெண்டாம் நாள் கித்னோஸ் தீவு, கொலோனா. போனவங்களுக்குத் தெரியும், நடுவுல மணல் திட்டு, ரெண்டு பக்கமும் கடல். மெல்டெமி, அதான் கோடையில வர்ற வடக்குக் காத்து, அடிச்சா ஊர்ப்பட்ட படகும் அங்கதான் ஒதுங்கும். ஆழமானி 6 மீட்டர் காட்டுச்சு. 25 மீட்டர் சங்கிலி விட்டேன், லேசா ரிவர்ஸ் போட்டேன், நின்ன மாதிரி இருந்துச்சு. குளிச்சோம், பாஸ்தா செஞ்சோம், படுத்தாச்சு.

ராத்திரி 2:40. சத்தம் கேட்டு முழிச்சேன்னு சொல்லத்தான் ஆசை. இல்ல, பாத்ரூம் போக எழுந்தேன். ஜன்னல்ல, விளக்கே இருக்கக்கூடாத இடத்துல ஒரு விளக்கு. மேல ஓடினா வானத்துல ஒரு மேகம் கிடையாது, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கு, காத்து மட்டும் பேய் மாதிரி. எங்க பின்பக்கத்துக்கும் இன்னொரு படகோட மூக்குக்கும் நடுவுல ஒரு முழம் இருந்தா அதிகம். வெள்ளைத் தலை தாத்தா ஒருத்தர், ஜட்டியோட, நீல ஃபெண்டர் (படகு இடிக்காம இருக்கத் தொங்கவிடுற காத்தடைச்ச உருளை) ஒண்ணை அந்த இடுக்குல திணிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். கத்தல, திட்டல. என்னைப் பார்த்து "சிகா, சிகா"ன்னார். மெதுவா, மெதுவான்னு அர்த்தமாம்.

டார்ச் அடிச்சு, நங்கூரத்தைத் தூக்கி மறுபடி போட்டு, பிடிக்கும்போது மணி நாலு. வீட்ல எல்லார்கிட்டயும் "வாடகைப் படகு நங்கூரம் சரியில்ல"ன்னு சொல்லி வெச்சிருக்கேன். அது உண்மையான்னு எனக்கே சந்தேகம்.

சீஃப்மேட்_77
நங்கூரம் நல்லாத்தான் இருந்திருக்கும். அந்த 6 மீட்டர் எங்கிருந்து எங்க வரைக்கும்? நிறைய வாடகைப் படகுல ஆழமானி, படகோட அடியில நீட்டிக்கிட்டிருக்கிற கீலுக்குக் கீழ இருக்கிற தண்ணியைத்தான் காட்டும். கீல் ஒரு 2 மீட்டர், தண்ணியிலருந்து முன்பக்க உருளை வரைக்கும் ஒண்ணே கால். ஆக ஒன்பது மீட்டருக்கு மேல. அதுக்கு 25 மீட்டர் சங்கிலின்னா மூணு மடங்குகூட வரல. அஞ்சு மடங்காவது வேணும், மெல்டெமிக்கு ஏழு.

எனக்கு நடந்தது பிரேயஸ் துறைமுகத்துக்கு வெளிய, சரக்குக் கப்பல்ல. எங்களுக்குச் சங்கிலி நீளம் ஷாக்கிள் கணக்கு, ஒண்ணு 27.5 மீட்டர். விடிகாலை வாட்ச். நங்கூரம் பிடிச்சிருந்தா தாண்டக்கூடாதுன்னு ரேடார்ல போட்டு வெச்ச வட்டத்தோட ஓரத்துக்குக் கப்பல் வருது, வட்டத்தைத் தாண்டுது. கேப்டனை எழுப்பப் போன் எடுத்தேன், நம்பர் மறந்துபோச்சு. இருக்கிறதே ரெண்டு இலக்கம்.

வல்வை_வாடை
சீஃப்மேட், நீளம் நீளம் எண்டு நிக்கிறியள். அடியில என்ன கிடக்குது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே? நூறு மீட்டர் விட்டாலும் புல்லில போட்டா வழுக்கும்.

நாங்கள் நோர்வேயில இருந்து போனனாங்கள். இதாக்கா தீவில வத்தி துறைமுகம். உள்ளுக்க குளம் மாதிரி, சுத்திவர மலை. அயோனியன் கடலில பின்னேரம் வடமேற்குக் காத்து எழும்பும், அந்த மலையில இருந்து இறங்கி அறையிற மாதிரி வரும். அங்க அடியில சேறு, ஒரு பிரச்சினையும் இல்லை. அடுத்த நாள் ஒரு சின்னக் குடாவில, கறுப்பாத் தெரிஞ்ச இடத்தில போட்டிட்டன். கறுப்பு எண்டா புல், வெள்ளை எண்டா மணல். சின்னப்பிள்ளைக்கும் தெரியும், எனக்கு அண்டைக்கு மறந்துபோச்சு. கண்ணாடி போட்டுக்கொண்டு மூழ்கிப் பாத்தன். நங்கூரம் சரிஞ்சு படுத்துக் கிடக்குது, மெத்தையில நாய் படுக்கிற மாதிரி. கூர் ஒரு விரல்கூட இறங்கேல்லை. படகு அவ்வளவு நேரமும் சங்கிலியின்ர பாரத்திலதான் நிண்டிருக்குது. அதுக்கு மேல இருந்து நான் ரெண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டிருக்கிறன்.

பச்சைக்கடல்
வல்வை அண்ணா, அது வெறும் புல் இல்ல, பொசிடோனியா. பூக்கும், காய்க்கும், வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். நீங்க தூக்கும்போது ஒரு கொத்து பிய்ஞ்சு வந்திருக்குமே? அது வளர்ந்து மூட எத்தனை வருஷம் ஆகும்னு யோசிச்சீங்களா?

வல்வை_வாடை
வந்தது. வைக்கல் கட்டளவு. நான் வேணுமெண்டு போடேல்லையே பிள்ளை.

கரையேறாதவள்
எங்க கதையில யாரும் இழுபடலைங்க. மெகனிசி தீவு, அபெலிகே குடா. அங்க ஆழம் சட்டுன்னு போயிருமா, முன்னால நங்கூரம், பின்னால கயிறு கரையில மரத்துக்கு. கயிறை இழுத்துட்டு நீந்துனது நானு. கடல் முள்ளெலிய மிதிச்சது தனிக் கதை.

சாயங்காலம் பக்கத்துல ஒரு படகு வந்துச்சு, அவங்க சங்கிலிய எங்களோடதுக்குக் குறுக்கால போட்டாங்க. பார்த்தோம், ஒண்ணும் சொல்லல. காலைல நாங்க தூக்குறோம், மின்மோட்டார் முக்குது. எங்க நங்கூரம் மேல வருது, அதுமேல அவங்க சங்கிலி மாலை மாதிரி. அந்தாளு காபி குடிச்சுட்டு இருந்தாரு. தன் படகு தானா முன்னால நகர்றதைப் பார்த்துட்டு, கப்பைக் கீழ வெக்காமயே எழுந்து நின்னாரு. பாவம், என்ன பண்றதுன்னு அவருக்கும் தெரியல.

ஒரு கயிறை அவங்க சங்கிலிக்கு அடியில விட்டு நம்ம படகுல கட்டி, பாரத்தை அதுல ஏத்திட்டு, நம்ம நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்குனா கழண்டுரும். அப்புறம் கயிறோட ஒரு முனைய விட்டாப் போதும். சொல்ல ரெண்டு வரி. எங்களுக்கு முக்கா மணி நேரம் ஆச்சு, வீட்டுக்காரர்கூட மூணு நாள் பேச்சு இல்ல.

நிதானம்
எனக்குப் பெருசா அனுபவம் இல்லை, ஒரே ஒரு தடவை ஒரு வாரம் போனேன், ஒண்ணும் நடக்கல. ஆனா சில விஷயம் சொல்லியே ஆகணும். அரைகுறை சார், "லேசா ரிவர்ஸ்" தப்பு. சங்கிலி விட்டதும் கொஞ்சம் பொறுத்து, மெதுவா ஆரம்பிச்சு, கடைசியில 2000 ஆர்பிஎம் வரைக்கும் ஏத்தி அரை நிமிஷம் பிடிக்கணும். அப்போ பக்கவாட்டில கரையைப் பாருங்க. ஒரு பாறையும் அதுக்குப் பின்னால ஒரு வீடும் ஒரே கோட்டில இருந்தா, அது விலகுதான்னு பாருங்க. விலகாம இருந்தா பிடிச்சிருச்சு. சங்கிலியில கை வெச்சா தெரியும், இழுபட்டா கரகரன்னு அதிரும். ஜிபிஎஸ் அலாரம் போனிலயே இருக்கு, படகு வட்டம் அடிக்கும்ங்கிறதையும் கணக்கில வெச்சு வையுங்க, இல்லைன்னா ராத்திரி பூரா கத்தும். ஸ்னப்பர் கயிறு, அதான் இழுப்பைத் தாங்கிக்கிற நீளுற கயிறு, போடாம சங்கிலியை மோட்டார்ல தொங்க விடாதீங்க, வெட்டு வெட்டுன்னு இழுக்கும். மணி பார்த்து வாங்க, சாயங்காலம் ஆறு மணிக்குப் போனா நல்ல மணல் இடம் எல்லாம் போயிருக்கும், கறுப்புதான் மிஞ்சும். அப்புறம்

சீஃப்மேட்_77
ஒண்ணும் நடக்காத ஆளு இவ்வளவு எழுதறார்.

நிதானம்
இவ்வளவும் செஞ்சதாலதான் சார் ஒண்ணும் நடக்கல.

அரைகுறை_மாலுமி
சீஃப்மேட் சொன்னதும் பழைய படம் தேடினேன். கொலோனாவுல பையன் ஸ்டீயரிங் பிடிச்சு நிக்கிற படத்துல பின்னால மீட்டர் தெரியுது. 6.1. அதுக்குக் கீழ பொடி எழுத்துல கீல்னு போட்டிருக்கு. படகை வாங்கும்போது இதைச் சொல்லியிருக்கணும், சொல்லலை. நானும் கேக்கலை.

கரையேறாதவள்
அந்தத் தாத்தாகிட்ட நன்றி சொன்னீங்களா?

அரைகுறை_மாலுமி
காலைல எழுந்தப்போ அவர் படகு அங்க இல்ல. அவரோட நீல ஃபெண்டர் எங்க கம்பியில தொங்குது. அந்தக் களேபரத்துல எப்பக் கட்டினார்னு தெரியல. லாவ்ரியோவுல திருப்பிக் குடுக்கும்போது வாடகைக் கம்பெனிப் பொண்ணு ஃபெண்டர்களை எண்ணினா, ஒண்ணு கூடுதலா வந்துச்சு. மறுபடி எண்ணிட்டு ஒன்பதுன்னு எழுதிக்கிட்டா.