‘வென் வில்’ சரியா, ‘வென் தி இன்டர்வியூ வில்’ சரியா?

கேள்வி:
வணக்கம். நேர்முகத் தேர்வு எப்போது நடைபெறும் என்று கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதிய மின்னஞ்சலில், ‘ஐ வுட் லைக் டு நோ வென் வில் தி இன்டர்வியூ பி ஹெல்ட்?’ என்று எழுதியிருந்தேன். அனுப்புமுன் படித்த என் அக்கா, ‘வில்’லை ‘இன்டர்வியூ’வுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். காரணம் கேட்டால், அப்படித்தான் வரும் என்கிறார். வினாவில் துணைவினை எழுவாய்க்கு முன்னே வரும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

மறுமொழி:
அக்காவின் திருத்தம் சரியானது. நீங்கள் படித்த விதி நேர் வினாவுக்கு மட்டுமே உரியது. ‘ஐ வுட் லைக் டு நோ’ என்பதற்குள் அடங்கியவுடன் அந்த வினா, வினாச்சொல்லை அடுத்து எழுவாய், அதன்பின் வினை என்று சாதாரணக் கூற்றின் வரிசைக்கு வந்துவிடும். தமிழில் ‘தேர்வு எப்போது நடைபெறும்’ என்பதை அப்படியே வைத்து, ‘என்று’ சேர்த்தால் வேலை முடிந்துவிடுவதால், ஆங்கிலத்திலும் நேர் வினாவை அப்படியே ஒட்டிவிடுகிறோம்.

‘டூ, டஸ், டிட்’ வரும் இடங்களில்தான் கூடுதல் கவனம் தேவை. ‘வாட் டஸ் ஹீ வான்ட்?’ என்பது ‘ஐ நோ வாட் ஹீ வான்ட்ஸ்’ ஆகும்போது, ‘டஸ்’ மறைந்து, அது சுமந்த ‘எஸ்’ வினைச்சொல்லில் ஏறிக்கொள்கிறது. அவ்வாறே ‘வேர் டிட் ஷீ கோ?’ என்பது ‘வேர் ஷீ வென்ட்’ ஆகிறது. ‘வந்தாரா’ என்பதுபோல் வினாச்சொல் இல்லாத வினாவானால், ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ சேர்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனால் ‘ஹூ டுக் தி கீ?’ என்பது ‘ஐ டோன்ட் நோ ஹூ டுக் தி கீ’ என்று மாறாமலேயே இருக்கிறதே?

வேறொருவரின் மறுமொழி:
அங்கே ‘ஹூ’ என்பதே எழுவாய் என்பதால், இடம் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. ‘ஹூ இஸ் ஹீ?’ என்பதில் ‘ஹீ’ எழுவாய். ஆகவே அது ‘ஐ டோன்ட் நோ ஹூ ஹீ இஸ்’ என்றாகும். இறுதியில் நிற்கும் அந்த ‘ஹீ இஸ்’ஸை ‘ஹீஸ்’ என்று சுருக்கவும் கூடாது. அயர்லாந்தின் பேச்சு ஆங்கிலத்தில் ‘ஐ வண்டர் இஸ் ஹீ கமிங்’ என்பது இயல்பான வழக்குதான் என்றாலும், வேலைக்கான மின்னஞ்சலில் அது பிழையாகவே படும்.

உங்கள் மின்னஞ்சலில் அக்கா கவனிக்காத ஒன்றும் உண்டு. ‘குட் யூ டெல் மீ’ என்று தொடங்கியிருந்தால் இறுதியில் கேள்விக்குறி பொருந்தும். ‘ஐ வுட் லைக் டு நோ’ என்பது கூற்றாதலால், முற்றுப்புள்ளிதான் வர வேண்டும்.