புதுப்பிப்பு: மதேராவின் கடற்பாறைகளைப் பார்த்துவிட்டு வந்தேன்

போர்ச்சுகலின் மதேரா தீவில் எனக்கு ஒரே நாள்தான் இருக்கிறது, 580 மீட்டர் உயரக் கடற்பாறையான காபோ ஜிராவோவுக்குப் போவதா, கிழக்கிலுள்ள சாவ் லோரென்சோ முனையில் நடப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். முனைக்கே போகச் சொன்னீர்கள். போனேன். நெஞ்சார்ந்த நன்றி!

விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்கிவிட்டேன். பசுமைக்குப் பேர்போன தீவில் இந்த முனை மட்டும் வறண்டு கிடக்கிறது. வழியில் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. ஆனால் அந்த வறட்சியால்தான் பாறையின் உள்ளமைப்பே கண்ணுக்குத் தெரிகிறது. சிவந்த எரிமலைச் சாம்பல் அடுக்குகளை ஊடறுத்துக் கரிய சுவர்கள் செங்குத்தாக ஏறுகின்றன. பிளவுகளில் புகுந்த எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை அவை. சுற்றியிருந்த மென்பாறையைக் காற்றும் அலையும் அரித்துவிட, கெட்டியான சுவர்கள் எஞ்சி நிற்கின்றன. வடக்குப் பக்கச் சரிவைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ, நினைவில்லை.

பாதை போக 3 கிலோமீட்டர், திரும்ப 3. குறுகலான இடங்களில் கம்பிவடம் கட்டியிருக்கிறார்கள். காற்று தள்ளும்போது அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். கடைசியில் ஈச்சமரங்கள் சூழ்ந்த ஒரு வீடு வருகிறது. வானம் தெளிந்திருந்ததால் தென்கிழக்கே தெசெர்டாஸ் தீவுகளும் தெரிந்தன. துறவிச் சீல்கள் என்னும் அரிய கடல் பாலூட்டிகள் வாழும் இடம்.

தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். காபோ ஜிராவோவின் கண்ணாடித் தளத்தை அடுத்த பயணத்துக்கு வைத்திருக்கிறேன்.