பனித்துளிப் படம் வெளுத்துப்போகிறது, டிஹேஸ் எவ்வளவு வைக்கலாம்?

அரியமான் தம்பி: அரியமான் கடற்கரையில் அடப்பங்கொடி இலை மேல் பனித்துளி எடுக்கிறேன். படம் பூராவும் பால் ஊற்றியது போல வெளுத்திருக்கு. லைட்ரூம் எடிட்டிங் செயலியில், மங்கலை நீக்கும் டிஹேஸை ஏற்றினால் துளியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுது. எவ்வளவு வைக்கலாம்? நாளைக் காலையும் போகணும், சீக்கிரம் சொல்லுங்க.

பாம்பன் காற்று: என்ன லென்ஸ், என்ன அப்பர்ச்சர்? ரா ஃபைலா, ஜேபெக்கா? ஒரு படமாவது போடுங்க தம்பி.

தொண்டிக்காரன்: ஏசி அறையிலிருந்து நேரே கொண்டுபோயிருப்பீங்க. குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரை ஈரம் படியும். கேமராவைப் பையோடு அரை மணி நேரம் முன்னாலேயே வெளியே வையுங்க.

மூத்த லென்ஸ்: அடிப்படை தெரியாமல் மேக்ரோவில், அதாவது மிக நெருங்கி எடுப்பதில், இறங்கினால் இப்படித்தான். எஃப் 22 என்று லென்ஸ் துளையை மிகச் சிறிதாக்கியிருப்பார், ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷன். பலமுறை எழுதியாகிவிட்டது, தேடிப் படிக்கவும்.

பாம்பன் காற்று: அண்ணே, டிஃப்ராக்‌ஷன் கூர்மையைத்தான் குறைக்கும், வெளுக்க வைக்காது. தம்பி, சூரியன் வருவதற்கு முன் எடுத்த படங்கள் எப்படி இருக்கு?

அரியமான் தம்பி: அதெல்லாம் நல்லா இருக்கு. வெயில் வந்த பிறகுதான்.

பாம்பன் காற்று: அப்போ ஏசி இல்லை. அது முதலில் மங்கி, கண்ணாடி சூடேறியதும் தெளியும். உங்களுக்கு நேர்மாறு. லென்ஸ் முன்னால் மாட்டும் கண்ணாடி, யுவி ஃபில்டர், இருந்தால் அதில் உப்பு படிந்திருக்கும். மங்கல் வெளிச்சத்தில் தெரியாது. துளி மின்னணும்னு சூரியனுக்கு எதிரே திரும்பியதும் அந்தப் படலத்தில் ஒளி சிதறிப் படமே வெளுத்துவிடும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்க. உலர்ந்த துணியால் தேய்க்காதீங்க, கீறல் விழும். ஃபில்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்க. லென்ஸை அலசிடாதீங்க! எடுத்த படங்களுக்கு டிஹேஸை விட்டுவிட்டு, டோன் கர்வ் என்ற வெளிச்சக் கோட்டின் கீழ்முனையைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துங்க.

தொண்டிக்காரன்: இவ்வளவு பாடு எதுக்கு? வீட்டுச் செடியில் ஸ்பிரேயர் அடித்தால் போதுமே.

தேவிபட்டினம்: தெளித்த தண்ணீர் சிறிசும் பெரிசுமாய்ச் சிதறி வழியும். கடற்கரை மணலில் வளரும் ராவணன் மீசைப் புல்லின் முள்ளில் மார்கழிப் பனி பொடிப்பொடியாய்க் கோத்து நிற்கிறதே, அது ஸ்பிரேயரில் வராது.

மூத்த லென்ஸ்: புல் நுனியில் நிற்கும் துளி பல நேரம் பனியே இல்லை. வேர் உறிஞ்சிய நீர் இலை வழியே கசிவது.

தேவிபட்டினம்: கசிந்தாலும் செடி கொடுத்தது ஐயா. தெளித்திருந்தால் தெளித்தது என்று படத்தின் கீழே எழுதுங்க, அதுதான் நான் கேட்பது.

தொண்டிக்காரன்: கல்யாண ஆல்பத்துக்கு எடுக்கிறவன் எல்லாத்தையும் எழுதிக்கிட்டு இருக்க முடியுமா?

அரியமான் தம்பி: ஃபில்டரில் உப்புதான். கழற்றிட்டு எடுத்தேன், டிஹேஸ் தேவையே படலை. நன்றி அண்ணே.