மறு: டிரிக்கிள் சார்ஜ் – ஒரு சொல் போதுமா?

நண்பர்களே,

‘டிரிக்கிள் சார்ஜ்’ (trickle charge), அதாவது நிரம்பிய பேட்டரி தானாக இழப்பதை ஈடுகட்டக் கொஞ்சமாக மின்னோட்டம் விட்டுக்கொண்டிருப்பது. இதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தோம்; வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘கசிவு மின்னேற்றம்’ என்று வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. கசிவு மின்னோட்டம் என்று ஏற்கெனவே ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. காப்பு கெட்டு மின்சாரம் வழிதவறிப் போவது அது. நாம் பேசுவதோ போனதைத் திருப்பி ஊற்றுவதைப் பற்றி.

> ‘சொட்டு மின்னேற்றம்’?

இது பிடித்திருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். என் பழைய வாக்கிடாக்கியின் நிக்கல்-காட்மியம் பேட்டரியையே எடுத்துக்கொள்கிறேன். 1.2 வோல்ட் மின்கலங்கள் ஆறு தொடராக, மொத்தம் 7.2 வோல்ட். கொள்ளளவு 600 மில்லியாம்பியர்-மணி. அதில் பத்தில் ஒரு பங்காக 60 மில்லியாம்பியர் கொடுத்தால் நிரம்ப ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். (கணக்குப்படி 10 தானே என்பீர்கள். கொடுப்பதெல்லாம் உள்ளே தங்குவதில்லை; ஒரு பகுதி சூடாகப் போய்விடும்.) நிரம்பியபின் சும்மா கிடந்தாலும் தானாக இறங்கும். அந்த இழப்புக்கு ஈடாக 12 முதல் 30 மில்லியாம்பியர் வரை விட்டுக்கொண்டிருந்தால் போதும். செடி குடிக்கிற அளவுக்குச் சொட்டுகிற கதைதான்.

சிக்கல் லித்தியம்-அயனியில் வருகிறது. இப்போது கைக்கு வரும் செட்டுகளில் பெரும்பாலும் அதுதான்: இரண்டு கலம், 7.4 வோல்ட். அந்த சார்ஜர்களைப் பற்றி எழுதுகிறவர்களும் ‘டிரிக்கிள்’ என்கிறார்கள், ஆனால் பொருள் வேறு. ஒரு கலம் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிப் படுத்துவிட்டால், எடுத்த எடுப்பில் முழு மின்னோட்டம் தராமல் கொஞ்சமாகக் கொடுத்து எழுப்புவார்களே, அது. முன்னது சார்ஜ் முடிந்தபின் நடப்பது, பின்னது தொடங்கும்முன் நடப்பது. ஆங்கிலத்தில் இருக்கிற குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? ‘சொட்டு’ என்பதை இதற்கும் வைத்தால், படிப்பவர் நிரம்பிய லித்தியம் கலத்துக்கும் சொட்டுச் சொட்டாக விடலாம் என்று நினைத்துவிடுவார். அது ஆபத்து. கலத்துக்கு 4.2 வோல்ட் வந்து, மின்னோட்டமும் தேய்ந்தபின் சார்ஜை அடியோடு நிறுத்த வேண்டும். மேலும் ஏற்றினால் எதிர்மின்முனையில் (நெகட்டிவ் பக்கம்) லித்தியம் உலோகமாகப் படியும்.

ஆகவே இதற்குத் தனிச்சொல் தேடினேன். முன்கூட்டி ஏற்றுவதால் முன் + ஏற்றம்... ‘முன்னேற்றம்’! சிரித்துவிட்டு ‘முன்-மின்னேற்றம்’ என்று மாற்றிக்கொண்டேன்.



இன்னொன்று மட்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் சார்ஜ் என்ற இயற்பியல் அளவை மின்னூட்டம் என்கிறோம், இலங்கையில் அதையே ஏற்றம் என்கிறார்கள். செயலை ‘ஏற்றல்’ என்று தொழிற்பெயராகவே வைத்தால் இரண்டு பக்கமும் மோதாது: சொட்டு மின்னேற்றல், முன்-மின்னேற்றல். இலங்கை நண்பர்கள் காதுக்கு இது எப்படி இருக்கிறது?